நல்ல மனநிலையில் உள்ள கம்பிங்கார்

1

இந்தக் கதையை நான், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு மரக்கறிக் கடைக் கண்ணாடியில் இருந்து எடுத்தேன். வாடகைக்கு அறை, கணக்கு டியூஷன், சாரிக்குச் சட்டை தைத்தல் ஆகிய அறிவித்தல்களுக்கு நடுவே, நீல மையில் கையால் எழுதிய ஒரு தாள்:

"கம்பிங்கார் விற்பனைக்கு. 2004ஆம் வருடம். ஒரே சொந்தக்காரர். நல்ல மனநிலையில் உள்ளது."

உள்ளேயே படுக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம் என்கிற அந்தப் பெரிய வண்டியை பிரான்சில் கம்பிங்கார் என்போம். அதற்கு மனநிலை இருப்பதாக நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. 'போன் எத்தா', அதாவது நல்ல நிலையில் உள்ளது என்ற பிரெஞ்சைத் தமிழாக்கிய யாரோ, வண்டிக்குக் கொஞ்சம் மனமும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். கத்தரிக்காய்ப் பையோடு நின்று சிரித்தேன். இதில் ஒரு கதை இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: "சாம்பல் நிற வானத்தின் கீழ், தனிமையின் சக்கரங்கள் மெல்ல—"

(வேண்டாம். சக்கரத்துக்கு என்ன தனிமை? நாலு இருக்கிறது.)

இரண்டாவது: "வணக்கம், நான் ஒரு கம்பிங்கார். எனக்கும் கவலைகள்—"

(இதுவும் வேண்டாம். வண்டியே பேசிக்கொண்டிருந்தால் மனிதர்கள் எப்போது பேசுவது?)

மூன்றாவது வரி எழுதுமுன் மனிதரே வந்துவிட்டார். கையில் கண்ணாடியில் இருந்து உரித்த அதே நீல மைத் தாள்.

2

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் றஜீவன். கதை எழுதுகிறேன். ஆனால் லா சப்பலில் என்னை எழுத்தாளர் என்று கூப்பிடுவது அதற்காக அல்ல. தொலைபேசிக் கடை ஒன்றின் பின்னறையில் இருந்து மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். விசா, வரி, வீட்டு உதவி, எல்லாம்.

வந்தவர் தவரத்தினம் அண்ணை. முப்பத்தொரு வருடம் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கொத்துரொட்டி கொத்தி, போன மாதம் ஓய்வு பெற்றவர்.

"தம்பி, நீ எழுத்தாளன்தானே?"

நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "ஓம் அண்ணை."

"அப்ப சனிக்கிழமை லெ பிளாங்-மெனிலுக்கு வா. வண்டி அங்கைதான் நிக்குது. பிடிச்சால் கையோடை பேர் மாத்திற பேப்பர் நிரப்பவேணும்."

நெஞ்சு பழைய இடத்துக்குப் போனது.

இங்கே ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுதத் தொடங்கியபோது இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட விடுமுறைக்குப் போகாத மனிதர். இங்கே வந்தபின் கடலை உப்பில்தான் பார்த்தவர். ஓட்டியது எல்லாம் ஒரு குட்டிக் கார், அதுவும் பாதிநாள் மருமகன் முறைக்காரன் ஒருவனிடம் கடன் வாங்கி. இவருக்கு ஏழு மீற்றர் நீள வண்டி எதற்கு? வாசகர் கேட்பார். நானும் கேட்டேன்.

"சும்மா," என்றார்.

சும்மா என்பதை வைத்துக்கொண்டு கதை எழுத முடியாது. இருந்தாலும் போனேன். சனிக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை.

3

வண்டிக்காரர் பெயர் லூசியன். புதுச்சேரிக்காரர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டு முற்றத்தில் வண்டி வெள்ளை யானை மாதிரி நின்றது. பக்கத்தில் அவர் மனைவி ஜிஸ்லேன், நல்ல சேலை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோல் நின்றார்.

எங்கள் பக்கம் மூன்று பேர்: நான், தவரத்தினம் அண்ணை, அவர் மனைவி அற்புதராணி அக்கா. அக்கா யூடியூப்பில் ஒரு வாரம் படித்து, பழைய வண்டியில் பார்க்கவேண்டிய இருபத்து மூன்று விசயங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

கதவைத் திறந்ததும் அக்கா மூக்கை உள்ளே விட்டார்.

"ஏன் வண்டிக்குள்ளை ஊதுபத்தி? ஆர் செத்தது?"

"நல்ல வாசமா இருக்கட்டும்னுதாம்மா," என்றார் ஜிஸ்லேன்.

"ஈர வாடைக்குத்தான்," என்றார் லூசியன்.

ஜிஸ்லேன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை வர்ணிக்க அரைப் பக்கம் எழுதி வெட்டிவிட்டேன். கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும், ஆகாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உலகத்தில் எந்த வண்டி வியாபாரத்திலும் நடந்திருக்காது. குறை எல்லாவற்றையும் விற்பவரே, 'மிசே' என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டுக் காட்டினார்.

"டயரப் பாருங்க மிசே. மேல பூ தேயாம நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க. ஓரத்துல நாலு நம்பர் இருக்கு பாருங்க, அதான் செஞ்ச வாரமும் வருசமும். இது 2011ல செஞ்சது. பென்சன் வாங்க வேண்டிய டயர்."

"அனுபவமுள்ள டயர்," என்றார் தவரத்தினம் அண்ணை.

"காஸ் குழாய்ல தேதி போட்டிருக்கு. போன வருசமே முடிஞ்சுபோச்சு."

"நாங்கள் கொஞ்சமாச் சமைப்பம்."

"தண்ணி பம்பு போட்டா பன்னி கத்துற மாதிரி கத்தும்."

"வேலை செய்யுது எண்டு தெரியும்தானே."

விற்பவர் வண்டியைத் திட்ட, வாங்குபவர் வண்டிக்காக வாதாட, நான் நடுவில் பேப்பரோடு நின்றேன். அக்கா யாரையும் கேட்கவில்லை. பலாப்பழம் பார்ப்பதுபோல் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். கூரை ஜன்னலின் றப்பரை நகத்தால் கீறினார். கழிவறையின் கழிவுப் பெட்டியை இழுத்து முகர்ந்துவிட்டு, கொப்பியில் ஒரு நீண்ட வாக்கியம் எழுதினார். வண்டிக்கு அடியில் படுத்துத் துருவைப் பார்த்து வந்தபோது சாரியில் ஒரு பெரிய எண்ணெய்ப் பொட்டு.

"மிசே லூசியன், உங்களுக்கு விக்க விருப்பமில்லையே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கா? பதினெட்டு வருசம் ஓட்டினேன், தம்பி. ஸ்பெயின், போர்த்துகல், இத்தாலி. விக்கணும்னு சொல்றது அவ."

"பதினெட்டு வருசம் அந்தத் தகர டப்பாவுல உக்காந்து நான்தான் சோறு வடிச்சேன்," என்றார் ஜிஸ்லேன். "ரோம்ல எல்லாரும் கோயில் பாத்தாங்க. நான் பாத்திரம் பாத்தேன். விளம்பரத்த எழுதச் சொன்னா அதையும் இப்படி எழுதி வச்சிருக்காரு!"

(விளம்பரத்தை அவர் வேண்டுமென்றே அப்படி எழுதினாரா, தமிழ் மறந்து எழுதினாரா? கதைக்கு முதலாவது நல்லது. கேட்டபோது அவர் சிரித்தார். முடிவு செய்யாமல் விடுகிறேன்.)

4

கொப்பியில் பத்தொன்பதாவது: படுக்கைக்கு மேலே உள்ள மூலைகளைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கவும்.

அக்கா படுக்கையில் ஏறி முழங்காலில் நின்று, வலது மூலையை அழுத்தினார். பெருவிரல் உள்ளே போய்விட்டது. தேநீரில் நனைந்த பாண் துண்டுக்குள் போவதுபோல, சத்தமே இல்லாமல், முழுசாக.

"நான் சொல்லல?" என்றார் லூசியன், பரிசு விழுந்தவர்போல. "கூரைல தண்ணி எறங்குது. சுவர் உள்ள எல்லாம் மக்கிப்போச்சு. வாங்காதீங்க."

அக்கா விரலை இழுத்தெடுத்துச் சாரியில் துடைத்தார். கொப்பியை மூடினார். "வாங்கோ போவம்."

"எடுப்பம்," என்றார் தவரத்தினம் அண்ணை. "தம்பி, பேப்பரை எடு."

"என்ன விசர்க்கதை? சுவர் களி மாதிரிக் கிடக்கு!"

"எடுப்பம் எண்டால் எடுப்பம்."

"ஏன் எண்டு சொல்லுங்கோ."

"சும்மா."

அக்கா படுக்கையை விட்டு இறங்கவில்லை. கைகட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். லூசியனும் ஜிஸ்லேனும் முன் ஆசனங்களில், நான் சமையல் மேடையில் சாய்ந்து. எங்கும் போகாத வண்டிக்குள் ஐந்து பேர் காத்திருந்தோம். கடைசியில் அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தயாளினியின்ர வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டன். வாசலுக்கு முன்னால வண்டியை விட்டிட்டு, வண்டிக்குள்ளையே படுத்தால்... சத்தியம் சத்தியமா இருக்கும். பிள்ளையையும் பாக்கலாம்."

5

தயாளினி அவர்களுடைய ஒரே மகள். மேற்கே கெம்பேர் நகரில் இருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன் யோஹான் என்ற பையனை நகரசபையில் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, அப்பாவுக்குப் படம் மட்டும் அனுப்பினாள். படம் வந்த அன்றுதான் அந்தச் சத்தியம். இப்போது ஐந்து வயதில் ஒரு பேத்தி. தாத்தா அவளை நேரில் பார்த்ததில்லை.

ஒரு மனிதரின் சும்மாவுக்குள் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் பகுதியில் இவரை நம்பவில்லை என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வரியை வெட்டவில்லை, இருக்கட்டும்.

இந்த இடத்தில் அக்கா அழுவதாக எழுதினேன். பொய். அக்கா சொன்னது இதுதான்:

"நான் போய்வாறனான்."

"எங்கை?"

"தயாளினி வீட்டை. ஒவ்வொரு வருசமும்."

"நீர் எல்லோ லூர்து மாதாவிட்டைப் போனனீர்? நான்தானே மொம்பர்னாஸ் ஸ்டேசன்ல ஏத்திவிட்டனான்!"

"கெம்பேர் ரயிலும் அங்கையிருந்துதான் வெளிக்கிடுது."

அண்ணை பக்கத்தில் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டார். மேசை மடங்கியது. (கொப்பியில் இருபதாவது.)

"நான் தந்துவிட்ட மெழுகுதிரியள்?"

"பேத்தியின்ர பிறந்தநாளுக்குக் கொளுத்தினம். கேக்கைவிடத் திரி பெரிசு."

"அப்ப... என்ர முழங்காலுக்குப் பூசின தீர்த்தம்?"

"போத்தல் லூர்துதான், ஆரோ தந்தது. தண்ணி தயாளினி வீட்டுக் குசினிக் குழாய்."

"முழங்கால் நோவு மாறினதே!"

"ஓம், மாறினது. நல்ல தண்ணி."

ஜிஸ்லேன்தான் முதலில் சிரித்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. லூசியன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "மிசே தவரத்தினம்," என்றார், "இத உங்களுக்கு விக்க மாட்டேன். நீங்க ஓட்டினா மொத வளைவுலயே கவுத்துடுவீங்க. ஆனா கெம்பேர் எனக்கு வழி தெரியும். வர சனிக்கிழம நான் கூட்டிட்டுப் போறேன். வாசல்ல நிறுத்துறேன். ரெண்டு நாள்."

"நான் ஓட்டல்லதான் தங்குவேன்," என்றார் ஜிஸ்லேன். "ஒரு தட்டுகூடக் கழுவ மாட்டேன். அது முடிஞ்சு வண்டி பழைய இரும்புக்கு. சம்மதமா?"

லூசியன் ஸ்டியரிங்கை இன்னொருமுறை தடவிவிட்டுத் தலையாட்டினார். தவரத்தினம் அண்ணை போய், அக்கா விரல் விட்ட ஓட்டையைக் காயத்துக்கு ஒட்டுகிற ஒரு பிளாஸ்ரரால் ஒட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நிரப்பாத பேப்பரோடு நான் ரயிலேறி வந்தேன்.

6

முடிவு.

முதல் முடிவு இப்படி எழுதினேன்: அண்ணை வண்டியில் இருந்து இறங்கி, படியில் கால் வைத்து, மகளை அணைக்கிறார், மழை பெய்கிறது. (மழை தானாக வந்தது, நான் கூப்பிடவில்லை. வெட்டிவிட்டேன்.)

இரண்டாவது: அண்ணை இறங்கவே இல்லை. பேத்தி வண்டிக்குள் ஏறி வந்து, 'நீதான் லொறியில் குடியிருக்கிற ஆளா?' என்று பிரெஞ்சில் கேட்கிறாள். (இது எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே நான் இல்லை. அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

தெரிந்தது இவ்வளவுதான். போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை நாலு பேரும் போனார்கள். இரண்டு நாள் என்றார்கள், இன்றைக்குப் பத்தாவது நாள். அண்ணையின் போன் அடிக்கிறது, எடுப்பார் இல்லை. நேற்று மதியம் ஜிஸ்லேன் ஒரு படம் அனுப்பினார். எழுத்து ஒன்றுமில்லை, படம் மட்டும்.

ஒரு வீட்டு வாசல். கல்லால் ஆன இரண்டு படி. கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே யாரையும் தெரியவில்லை. தமிழர் வந்துபோகும் வீடுகளில் போலப் படிக்கு வெளியே செருப்பும் சப்பாத்தும் வரிசையாகக் கிடக்கின்றன. சின்னஞ்சிறு மஞ்சள் சப்பாத்து ஒரு சோடி. பெண்களுடைய செருப்பு மூன்று சோடி. பெரிய கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி, யோஹானுடையதாக இருக்கலாம், லூசியனுடையதாகவும் இருக்கலாம். அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி மண்ணிறத்தில் இன்னொரு சோடி ஆண்கள் சப்பாத்து.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு எழுதியதை முதலில் இருந்து திரும்ப வாசித்தேன். அக்காவின் சாரியில் எண்ணெய்ப் பொட்டு இருக்கிறது, டயரின் வருடம் இருக்கிறது. தவரத்தினம் அண்ணை காலில் என்ன போட்டிருந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு பகல் முழுக்கக் கூட நின்றிருக்கிறேன், நான் பார்க்கவே இல்லை.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். லா சப்பலில் கொத்துரொட்டி சாப்பிட்டவர் என்றால் குசினிக் கதவால் அவர் வெளியே வந்ததை ஒருமுறையாவது கண்டிருப்பீர்கள். யோசித்துச் சொல்லுங்கள். அவருடைய சப்பாத்து என்ன நிறம்?