காலியாக விட்ட கட்டம்

சைக்கிள் கடையின் பின்னறைக்கு ஒரு நாளைக்கு நாலு பேர் வருவார்கள். நாலு பேருக்கு எட்டுக் கால். ஷூவைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அங்கே வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கு வயிற்றைப் புரட்டும். உடம்பைத் தொட்டுப் பிழைக்கிறவள் இப்படி அருவருப்புப் படலாமா என்று கேட்டால், படக்கூடாதுதான். ஆனால் வேர்வையில் ஊறிய இறுக்க நிக்கரோடு வந்து, "சீட்ல உக்காந்தா இங்க மரத்துப்போகுது மேடம்" என்று விரலை வைத்து இடத்தைக் காட்டும் ஆசாமிகளை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் கேட்க வேண்டும்.

வேலை என்னவோ சுத்தமான வேலை. ஆளை அவருடைய சைக்கிளிலேயே ஏற்றி, பின்சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க விடுவாள். எதிரே ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒரு கேமரா, சுவரில் பெரிய திரை. சீட் எவ்வளவு உயர வேண்டும், ஹேண்டில் எவ்வளவு கிட்டே வர வேண்டும் என்று மில்லிமீட்டர் சுத்தமாகப் பார்த்துத் திருகுவாள். ஒரு கால் குட்டையாக இருந்தால் அந்த ஷூவின் அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்து முடுக்குவாள். முட்டிவலி, இடுப்புவலி என்று வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். ஊரில் அவளுக்கு நல்ல பேர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூகோள வாத்தியார் வந்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவருடைய பிறந்தநாளுக்குப் பரிசாக மகள் ஏற்பாடு செய்து அனுப்பி, ஒரே ஒரு தடவை வந்து போனவர். தினமும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிற மனிதர். உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன் மேடம். வலது முட்டி. உள்ள ட்யூப் விட்டுப் பாக்கணுமாம். சர்ஜன் உங்க ரிப்போர்ட்டைக் கேட்டாரு. பேப்பரைக் குடுத்தீங்கன்னா இப்படியே கெளம்பிடறேன்."

அவள் ரிப்போர்ட்டை அச்செடுத்தாள். இரண்டு பக்கம், வரிசையாகக் கட்டங்கள், எல்லாவற்றிலும் எண்கள். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. 'கால் நீளம்: இடது, வலது.'

ஏன் காலி என்பது அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது, மூக்கு வழியாகத்தான் வந்தது. அன்றைக்கு வாத்தியார் சாக்ஸைக் கழற்றியதும் எழுந்த நாற்றம்! விரலிடுக்குகளில் வெந்து வெளுத்த தோல், சேற்றுப்புண். மேஜையில் படுக்க வைத்துக் கணுக்காலைப் பிடித்து அளக்க வேண்டும். அவளுக்குக் கை வரவில்லை. திரையில் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மிதிக்கும்போது ஒரு பக்கம் இடுப்பு சரிந்தது தெரிந்தது. இடது கால்தான் குட்டை என்று முடிவு கட்டி, இடது ஷூவில் தகட்டை வைத்து அனுப்பிவிட்டாள்.

சர்ஜன் பார்க்கிற காகிதத்தில் காலிக்கட்டமா? மானம் போகும்.

"ரெண்டு நிமிஷம் படுங்க சார். ஒரு அளவு விட்டுப்போச்சு."

வாத்தியார் தயங்கினார். "ஷூவை நானே கழட்டறேன்," என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து கழற்றினார். புத்தம்புது வெள்ளை சாக்ஸ். கால் சோப்பு வாசம் அடித்தது. புண் ஆறி, தோல் சுத்தமாக இருந்தது.

இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் டேப்பை ஓட்டினாள். வலது கால் எட்டு மில்லிமீட்டர் குட்டை. திரும்ப அளந்தாள். மூன்றாவது தடவையும் அளந்தாள். டேப் ஒன்றும் மாற்றிச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டருக்கு ஓடிப்போய்ப் பழைய வீடியோவைப் போட்டாள். வாத்தியார் மிதித்துக்கொண்டிருந்தார், கைக்கடிகாரம் வலது கையில். மேஜையில் படுத்திருப்பவரைத் திரும்பிப் பார்த்தாள். கடிகாரம் இடது கையில். வருகிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று எதிர்க்கேமராவின் படத்தைக் கண்ணாடி போல இடவலம் மாற்றி வைத்ததே அவள்தான். மற்றவர்கள் விஷயத்தில் அது ஒரு பொருட்டே இல்லை, கை அளந்ததைத்தான் எழுதுவாள். இவருக்குக் கை போகவே இல்லையே. நீளக் காலுக்கு அடியில் தகட்டை வைத்து, குட்டைக் காலை ஐந்து மாதமாக எட்டி எட்டி மிதிக்க விட்டிருக்கிறாள்.

கடை முதலாளி சூயிங்கம் மென்றபடி எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"அட, இதுக்குப் போய் ஏன் மேடம் முழிக்கிறீங்க?" அவரும் குரலைத் தாழ்த்தினார். "தகட்டைக் கமுக்கமா இந்த ஷூல இருந்து அந்த ஷூக்கு மாத்துங்க. சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்னு சொல்லுங்க. வலி போயிடும், ஆபரேஷன் நின்னுடும். உங்க கை ராசியான கைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரு."

புதினா வாசத்தோடு பல்லைக் காட்டினார். சீ என்று இருந்தது அவளுக்கு. எட்டுக் கால் நாற்றத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இவ்வளவு குமட்டியிருக்காது. அதே யோசனை ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தன் மண்டையிலும் ஓடியதுதான் காரணம். நேராக வாத்தியாரிடம் போனாள்.

"சார், அன்னிக்குத் தகட்டைத் தப்பான ஷூல வெச்சுட்டேன். வலது ஷூவுக்குப் போட வேண்டியது. தப்பு என்னோடது."

வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப முட்டியில கோளாறு இல்லையா?"

"இருக்காதுன்னுதான் தோணுது. சர்ஜன்தான் பாத்துச் சொல்லணும். ஆனா கத்தி வைக்கறதுக்கு முன்னாடி அவருக்கு இது தெரிஞ்சாகணும்."

அவர் கத்தவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டே ஷூவை எடுத்துத் திருப்பித் தகட்டைப் பார்த்தார். "எழுதிக் குடுங்க," என்றார்.

எழுதினாள். எந்தக் கால், எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மாதம், எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினாள். கடைசி வரியில் மட்டும் பேனா பூசி மெழுகியது. 'நேரக் குறைவினால் அன்று கால் நீளத்தை அளக்க இயலவில்லை.' கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

வாத்தியார் நிறுத்தி நிதானமாகப் படித்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கடைசி வரியை ஒரே கோடாக அடித்தார்.

"அன்னிக்கு என்னைத் தவிர வேற யாருமே இல்லையேம்மா. நேரம் நெறைய இருந்துச்சு."

அவள் காகிதத்துக்குக் கையை நீட்டினாள். அவர் கொடுக்காமல் தொடர்ந்தார்.

"சாக்ஸைக் கழட்டினப்ப நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. நான் பாத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருந்தீங்க. வலி அப்பவே ஆரம்பிச்சாச்சு. வந்திருந்தா அன்னிக்கே சரியாயிருக்கும். ஆனா எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு அந்தக் காலை மறுபடி உங்க முன்னாடி நீட்டறதும்மா?"

காகிதத்தையும் சிவப்புப் பேனாவையும் சேர்த்து அவள் முன்னால் வைத்துவிட்டு, குனிந்து சாக்ஸை மாட்டத் தொடங்கினார்.