தோரணம் தாண்டிய வீடு

கார்காலத்து மழையெல்லாம் வாங்கி நிறைந்து, கரையோரக் கண்டல் வேர்களை மூழ்கடித்து, முகத்துவாரம் நோக்கிப் பழுப்பேறிய நீரோடு அசைந்து நகர்ந்துகொண்டிருந்தது மட்டக்களப்பு வாவி. கடல் கடந்து வந்தோர் எழுப்பிய பழங்கோட்டையின் பாசி படர்ந்த மதில் அதன் ஒரு கரையில் நனைந்து நிற்க, மறு கரையில், வாவிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கி நீண்ட மணல்நிலம், ஒரு பக்கம் அலையோசையையும் மறு பக்கம் அமைதியையும் கேட்டபடி கிடந்தது. திசம்பர் எனும் மார்கழித் திங்கள் இருபத்து நான்காம் நாள். மழை ஓய்ந்து வெயில் மெல்ல எட்டிப்பார்த்த பிற்பகல். நாவற்குடாவைக் கடந்து தெற்கே சென்றால் கடலோரமாய் வரும் ஒழுங்கை எனும் குறுந்தெரு ஒன்றில், பதினேழு வீட்டாரும் கிறித்துப் பிறப்பு விழாவுக்காக ஏணியும் கயிறுமாய்த் திரிந்துகொண்டிருந்தனர்.

கற்றறிந்த நண்பரே, அவ்விழா என்றதும் வண்ணத்தாளும் விளக்கொளியும் மட்டுமே உமக்கு நினைவில் எழுமாயின், இவ்வொழுங்கையின் வழக்கத்தை நீர் அறிந்திருக்க மாட்டீர். ஒழுங்கையின் முகப்பில் தொடங்கும் ஒரே கயிறு, வண்ணத்தாள் தோரணங்களைச் சுமந்துகொண்டு, வீட்டுக்கு வீடு நட்டிருக்கும் கமுகங் கம்பங்களில் கட்டுண்டு, கோயில் வாயிலில் போய் முடியும். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் அவ்வவ் வீட்டார் தம் கையால் செய்த விண்மீன் வடிவ விளக்குக் கூடு தொங்கும். அவ்வாண்டில் சாவு நேர்ந்த வீட்டில் மட்டும் கூடு இல்லை. கயிறும் அங்கே கட்டப்படாமல் அடுத்த வீட்டுக்குத் தாண்டிப் போகும். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் சொல்வதும் இல்லை.

அன்று கயிறு ஒன்பதாம் வீட்டைத் தாண்டியிருந்தது. அது பீற்றிஸின் வீடு.

அவள் கணவன் சிறில், தன் தம்பி அன்ரோவோடு கடலுக்குச் சென்று நாற்பது நாளாயிற்று. நடுக்கடலில் காற்று மாறிப் படகு கவிழ்ந்ததும், மறுநாள் விடியலில் வாழைச்சேனை மீனவர் அன்ரோவை மட்டும் உயிரோடு மீட்டுக் கரைசேர்த்ததும் ஊரறிந்த செய்தி. இருளில் நீரோட்டம் எங்களைப் பிரித்துவிட்டது, அண்ணனை வேறு படகு எதுவும் ஏற்றியிருக்கக் கூடும் என்று அன்ரோ சொன்னான். அந்தக் 'கூடும்' என்ற ஒற்றைச் சொல்லை உண்டும் உடுத்தும் நாற்பது நாளை ஓட்டிவிட்டாள் பீற்றிஸ். இறந்தோர்க்கான முப்பத்தோராம் நாள் திருப்பலி பற்றிக் கேட்க வந்த உறவினரை வேலிப் படலை வாயிலோடே திருப்பி அனுப்பினாள். இன்னாருடைய மனைவியா, கைம்பெண்ணா என்று தன்னையே அறியாத நிலை எத்தகையது என்பதை, அதில் நின்று பாராதோர்க்குச் சொல்லி விளக்க இயலாது.

வீட்டினுள்ளே விண்மீன் கூடு ஒன்று இருந்தது. மூங்கிற் சிம்பு சீவி, ஐந்து முனைகளில் நான்குக்குச் செந்தாள் ஒட்டி முடித்து, ஐந்தாவதை வந்து ஒட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சிறில் கடலுக்குப் போனான். ஒழுங்கையிலேயே உயரமான கம்பம் தன்னுடையதுதான், தன் கூட்டைக் கடலில் நின்றே காணலாம் என்பது அவனுடைய ஆண்டுதோறுமான பெருமை. அந்த ஐந்தாம் முனையைப் பீற்றிஸ் முந்தின நாள் தானே ஒட்டினாள். பழக்கமில்லாத கை, தாள் சுருங்கி மடிப்பு விழுந்தது. ஆயினும் எங்கோ ஒரு கரையிலிருந்து அவன் வருவானாயின், அவ்வொளியைப் பார்த்தே தன் வீட்டை அறிவான் என்று நம்பினாள்.

தோரணக் கயிறு தன் கம்பத்தைத் தொடாமல் தலைக்கு மேலே போவதைக் கண்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தெருவுக்கு வந்து, கயிறு கட்டும் இளைஞர்க்கு முன்னின்ற பிரதீஸை நிறுத்தினாள்.

"மனே பிரதீஸ், இந்த வீட்டுல ஆர் செத்த?"

அவன் ஏணியிலிருந்து இறங்கித் தலை குனிந்தான். "அக்கா, நாங்க பிழையா ஒண்டும் நினைக்கல்ல. எல்லாரும் கதைச்சுத்தான்..."

"எல்லாரும் கதைச்சா என்ட மனிசன் செத்திருவாரா? கயித்தக் கொண்டந்து கட்டு."

அவர்கள் மறுபேச்சின்றிக் கயிற்றைத் தளர்த்தி, இழுத்து வந்து, அவள் வீட்டுக் கம்பத்தில் இறுக முடிந்தனர். அப்பிள்ளைகள் செய்தது இரக்கம்தான், ஐயமில்லை. ஆனால் இரக்கப்படுவோர் பாதிக்கப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் என்னவாம்!

அவ்வேளையில் அன்ரோ வந்தான். கரைசேர்ந்த நாள்முதல் அவள் முகத்தை நேரே பாராதவன். காலையில் மீனை வேலியில் கொழுவிவிட்டு, அழைக்குமுன் போய்விடுபவன். அன்றும் அப்படியே நழுவப் பார்த்தவனைப் பீற்றிஸ் விடவில்லை. உள்ளே சென்று கூட்டை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"வீட்டு ஆம்பிளதான் கட்டோணும். அவர் வரும்வரைக்கும் நீதானே. ஏறு அன்ரோ."

அவன் ஏணியில் ஏறினான். உச்சிக்குப் போய்க் கூட்டின் கம்பியைக் கொக்கியருகே கொண்டுசென்றான். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும். கடலைப் பார்த்தான், கையிலிருந்த கூட்டைப் பார்த்தான், நான்கு முனை அண்ணன் ஒட்டியது, ஒரு முனை, மச்சாள் என்று அவன் அழைக்கும் அண்ணி ஒட்டியது. ஒழுங்கையில் நின்றோர் எல்லாம் தத்தம் வேலையை விட்டு அண்ணாந்து பார்த்தனர். அவன் கூட்டைக் கொக்கியில் மாட்டாமல், மார்போடு அணைத்தபடி ஒவ்வொரு படியாய் இறங்கினான்.

"ஏன் இறங்கின?"

"ஏலாது மச்சாள்."

சிறில் இனி வரமாட்டான் என்பதை அவள் அப்போதே அறிந்துகொண்டாள். இருந்தும் கேட்டாள், "ஏன் ஏலாது?"

"ஒரு வெறும் மண்ணெண்ணெய்க் கான்தான் மிதந்த. ரெண்டு பேரையும் அது தாங்கல்ல. அண்ணன் என்ட கையை எடுத்து அதில வெச்சிட்டு, தன்ட கையை எடுத்திட்டார். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன் மச்சாள். மறுகா அவர் எழும்பல்ல."

பீற்றிஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாப்பது நாளா ஏன் சொல்லல்ல?"

"சொன்னா, நீங்க என்னைப் பாக்கிற நேரமெல்லாம் அந்தக் கான்தான் தெரியும் எண்டு பயந்தன்."

"அவர் ஏதும் சொன்னாரா?"

பொய்யொன்று சொல்லி அவளைத் தேற்ற அப்போதும் அவனுக்கு வாய்ப்பிருந்தது. அவன் தலையசைத்தான். "இல்ல. ஒண்டும் சொல்லல்ல."

அவள் கூட்டை அவனிடமிருந்து வாங்கி, மடிப்பு விழுந்த அந்த ஐந்தாம் முனையை விரலால் நீவினாள். நாற்பது நாள் அழாத கண்கள் அப்போதும் அழவில்லை. குரல் மட்டும் உடைந்தது.

"கோயிலுக்குப் போ. இண்டைய பூசையில செத்தவங்கட பேரோட அவர்ட பேரையும் சேக்கச் சொல்லிச் சாமியாரிட்டச் சொல்லு. நீதான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டன்."

"பாலன் பிறக்கிற பூசையிலயா?"

"ஓம். அதுலதான்."

"மச்சாள், என்னை மன்னிப்பீங்களா?"

"அதை இண்டைக்குக் கேளாத."

அவன் போனபின், ஏணியில் அவளே ஏறினாள். சற்றுமுன் தான் வற்புறுத்திக் கட்டுவித்த முடிச்சு, மழையில் நனைந்த கயிறாதலால் இறுகிக் கிடந்தது. நகத்தால் முயன்றாள், பின் பல்லால் கடித்து இழுத்தாள். உதவ ஓடிவந்த பிரதீஸைக் கையமர்த்தி நிறுத்தினாள். முடிச்சு அவிழ்ந்தபின் இறங்கி வந்து, தோரணத்தின் ஒரு தாளும் மண்ணில் படாமல் கயிற்றை ஏந்தி அவன் கையில் வைத்தாள்.

"தாண்டிக் கொண்டு போ, மனே."

பொழுது சாய்ந்தது. ஒழுங்கையில் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏறின. கடலிலிருந்து எண்ணுவோர்க்கு அன்று பதினாறு விண்மீன்களே தெரிந்திருக்கும். நண்பரே, அன்பின் பேரால் மறைத்த உண்மையும் ஒருநாள் வந்து படலையைத் தட்டவே செய்கிறது. நாள் கடந்து வந்ததற்கு ஈடாக ஒன்றும் கொண்டு வருவதில்லை. உள்ளே, ஏற்றப்படாத கூட்டைச் சுவரில் சாத்திவிட்டு, பீற்றிஸ் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்தினாள். கோயில் மணி அடித்தது. பிறந்த பாலனுக்காக ஊரார் பாடிக்கொண்டு சென்ற தோரணத்தின் கீழே, இறந்தவனின் பெயரைக் கேட்பதற்காக அவளும் நடந்தாள்.