தள்ளு

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். அங்கே "தள்ளு" என்றால் பிடித்துத் தள்ளு என்று அர்த்தமில்லை. அடுக்கு சரியுது, ஆள் விலகு என்று அர்த்தம். ஏன் எதற்கு என்று கேட்காமல் விலகியவர்கள்தான் உயிரோடு இருக்கிறார்கள்.

முதல் வரைவு: "விடியும் நேரத்தில் அவள் ஒரு பறவையைப் போல"

(வேண்டாம். கட்டிலிலிருந்து விழுகிறவள் மூட்டை போலத்தான் விழுவாள்.)

2

விழுந்தாள். சிமெண்டுக் கிடங்கில் லோடு இறக்கும் புருஷன் "தள்ளு" என்று கத்தியதும், அவன் இரண்டு கையும் அவள் முதுகில் இறங்கியதும் ஒன்றாக நடந்தன. முழங்கைக்குக் கீழே கோணிப்போன கையை, யாருடைய கையோ என்பது போல அவள் பார்த்தாள். வலி இன்னும் வரவில்லை. கட்டில்மேல் முட்டி போட்டிருந்தவனின் கண் மூடியிருந்தது. அப்புறம் திறந்தது.

"ஏன்டி கீழ கிடக்கே?"

பக்கத்து அறையில் படுத்திருந்த அவள் அண்ணன் ஓடி வந்தான். "தள்ளுன்னு கத்தினது என் காதுலயே விழுந்துச்சு. சொல்லிட்டுத்தான் தள்ளியிருக்கார் மாப்ள. எழுந்திரு, நம்ம வீட்டுக்குப் போலாம்."

"சத்தியமா எதுவும் ஞாபகமில்ல மச்சான். தூங்கிட்டிருந்தேன்."

"நானும்தான் தூங்கினேன். யார் கையையும் ஒடிக்கலையே."

3

(இங்கே நானே அவனை நம்பவில்லை. கை நீட்டுகிறவனெல்லாம் தூக்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் என்னாவது?)

ஆஸ்பத்திரியில் தலையிலும் தாடையிலும் வயர் ஒட்டி, ஒரு ராத்திரி அவனைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள்.

"தூக்கம் முதல்ல லேசா இருக்கும், அப்புறம் ஆழமாகும்," என்றார் டாக்டரம்மா. "அதுக்கப்புறம் கனவு வர்ற கட்டம். இமைக்குள்ள கண்ணு ஓடும், உடம்பு மட்டும் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும். விடியற நேரம் நெருங்க நெருங்க இந்தக் கட்டம் நீளும். இவருக்கு அந்தக் கட்டு விழல. கனவுல செய்யறதை உடம்பும் செஞ்சிடுது. மருந்து இருக்கு. இப்போதைக்குத் தனித்தனியா படுங்க."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "அப்போ மாப்ள பொய் சொல்லல." ஆட்டோ பிடிக்கப் போனான்.

அவளுக்கு மூச்சு வந்தது.

"இப்படி முழிக்கறவங்களுக்குக் கனவு பெரும்பாலும் நல்லா ஞாபகம் இருக்குமே," என்றபடி டாக்டரம்மா எழுந்தார். "உங்ககிட்ட சொன்னாரா?"

வந்த மூச்சு அப்படியே நின்றது.

4

முடிவு ஒன்று: கனவில் அடுக்கு சரிகிறது, கீழே அவள் நிற்கிறாள், காப்பாற்றத் தள்ளுகிறான். (இதை அடித்துவிட்டேன். காப்பாற்றினவன் அதை ஏன் மறைக்கிறான்?)

முடிவு இரண்டு: அடுக்கு சரியவே இல்லை. அவள் மட்டும் நிற்கிறாள். அவன்*

"கனவுல யாரைத் தள்ளச் சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவன் அவள் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தான். மூட்டைக்கு முதுகு கொடுக்கிறவன் போல மூச்சை இழுத்தான். சொன்னான்.

எனக்குக் கேட்டது. எழுத மாட்டேன். அது நிஜக் கனவா, அங்கேயே கட்டிய கதையா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனாலும் அவள் எழுந்துவிட்டாள். வெளியே ஆட்டோ நிற்கிறது. தனியாகப் போகிறாளா, அவனோடா என்று நீங்களே பாருங்கள். கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கொஞ்சம் தள்ளுங்கள்.

* கனவில் செய்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்று இங்கே எழுத நினைத்தேன். அவள் கைக்கு அது தெரியாது.