கிளினிக்குக்கு முந்தின இரண்டு நாள்

என் புருஷன் செபஸ்தியனுக்கு மாதத்தில் இரண்டே இரண்டு நாள்தான் நீரிழிவு என்கிற சீனி வருத்தம். கிளினிக்குக்கு முந்தின இரண்டு நாள். அப்போது பாகற்காய்ச் சாறும் குரக்கன் கஞ்சியும் மட்டும். மற்ற நாளெல்லாம் துறைமுக வேலைக்கு நடுவே மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணி, கடிக்க ஒரு சீனி பனிஸ். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரும் வழியில் கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கி ஒரு பலூடா வேறு. கேட்டால், "நம்பர் நல்லாத்தானே இருக்கு, விடு றோஸி" என்பார்.

போன மாதம் சப்பாத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி காலில் ஏறியிருக்கிறது. மனுஷனுக்கு வலிக்கவே இல்லையாம். மூன்றாம் நாள் காலுறை நாறியபோதுதான் நான் கண்டேன். மஞ்சள் பூசினார், பிளாஸ்டர் ஒட்டினார், டொக்டரிடம் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். பெருவிரல் கறுத்த பிறகு நான் போட்ட சத்தத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

வார்ட்டில் டொக்டர் துஷாந்தினி கிளினிக் கொப்பியை அவர் முன்னால் விரித்துப் போட்டார்.

"ஐயா, இதில ஒவ்வொரு மாசமும் நூற்றிப்பத்து, நூற்றிப்பதினைஞ்சு. நேற்று எடுத்தது மூண்டு மாசத்துச் சராசரியைக் காட்டுற டெஸ்ட். ஏழுக்குக் கிட்ட இருக்க வேண்டியது பதினொண்டு. இது ரெண்டு நாள் பட்டினிக்கு மசியாது."

செபஸ்தியன் ஜன்னலைப் பார்த்தார்.

"கிருமி உள்ள வந்தா ரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுதான் ஓடிப்போய் அதைத் தின்னும். சீனி இப்பிடிக் கூடிக் கிடந்தா அது நேரத்துக்குப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் ஒழுங்காக் கொல்ல ஏலாது. காவல்காரன் குடிச்ச வெறியில கிடக்கிற மாதிரி. உங்கட நம்பரை நம்பி நாங்க ரெண்டு வருஷமா மருந்தைக் கூட்டவே இல்ல."

"கால் தப்புமா டொக்டர்?" என்றேன்.

"ரெண்டு விரல் போகும். இன்சுலின் போட்டுச் சீனியை இறக்கினா பாதத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். ஆனா இனி எனக்கு உண்மை வேணும். இந்தப் பட்டினி ஆற்ற யோசனை?"

கறியில் உப்புக் குறைந்தால்கூட என்னைத் திட்டுகிற மனுஷன் அன்று, "என்ர யோசனைதான். அவவுக்கு ஒண்டும் தெரியாது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டிலையே புரட்டியிருப்பேன்.

"வாயை மூடுங்க! காலே போகப் போகுது, இன்னும் பொய்யா? டொக்டர், கஞ்சி காய்ச்சினது நான். பாகற்காய் பிழிஞ்சதும் நான். 'அம்மா அவரை நல்லாப் பாக்கிறா' எண்டு கிளினிக்கில நர்ஸ்மார் என்னைச் சொல்லுவினம். அதைக் கேக்க எனக்கு ஆசை."

செபஸ்தியன் என் கையைப் பிடிக்க வந்தார், தட்டிவிட்டேன்.

மறுநாள் காலை இரண்டு விரலையும் எடுத்தார்கள். வார்ட்டுக்குக் கொண்டுவந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தேன். துணி சுற்றிய பாதம் இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏசினேன், எங்கள் இரண்டு பேரையும்.