நட்சத்திரப் பழத்துக்கு ஒரு வீட்டுச் சாட்சி

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சரக்கு வெளியே போனாலும் அதோடு மடித்து வைக்கும் தாளில் ஒரு ‘வீட்டுச் சாட்சி’ இருக்க வேண்டும். யாராவது ஒருவருடைய அம்மாவோ மாமனாரோ பெரியம்மாவோ அதைச் சாப்பிட்டுத் தேறியதாக நாலு வரி, கீழே சாட்சி சொன்னவர் பெயர். டாக்டர் சொன்னால் ஜனங்கள் யோசிப்பார்கள், பெரியம்மா சொன்னால் வாங்கிவிடுவார்கள் என்பது முதலாளியின் கொள்கை. அதனால் ஆபீசில் சொந்தக்காரர்களை இரவல் வாங்கிக்கொள்வோம். கணக்காளருடைய மாமியாருக்கு மட்டும் இதுவரை மூன்று மூட்டுவலி தீர்ந்திருக்கிறது. பேசுகிற பேச்சுக்கு அந்த அம்மாவுக்கு வாய்தான் வலிக்க வேண்டும் என்பார் அவர்.

நட்சத்திரப் பழச் சாறு வந்தபோது எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்து விளிம்போடு, குறுக்கே அறுத்தால் நட்சத்திரமாக விழுமே, அந்த மஞ்சள் பழம்தான். நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன், புத்தகங்களைத் தேடிப் படித்தேன். காய்ச்சலுக்குச் சாறு, இருமலுக்குச் சாறு, குடித்துவிட்டு மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சாறு, சொறிக்கு இலையை அரைத்துப் பற்று. சிறுநீரைப் பெருக்கும் என்றது ஒரு புத்தகம். சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே கூடாது, விக்கலில் ஆரம்பித்து உயிர்வரை போகும் என்றது இன்னொன்று. இரண்டையும் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். முதலாளி முதல் வரியை ‘கிட்னியைக் கழுவிவிடும்’ என்று மாற்றினார். இரண்டாவது வரியை ஒரே கோடாக அடித்தார்.

“வாங்க வர்றவனை வாசல்லயே நிக்க வெச்சு பயமுறுத்துவியாம்மா? அந்த இடத்துல சாட்சியைப் போடு” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதை என்ன செய்தேன் என்று கேட்டால், மென்று விழுங்கினேன். சாட்சிக்கும் அன்று ஆள் கிடைக்கவில்லை, கணக்காளருடைய மாமியார் ஏற்கெனவே வேறொரு பொடியில் மாட்டியிருந்தார். ஆகவே என் அம்மாவை எழுதினேன். அவள் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது, வந்து மறுக்கவா போகிறாள். ‘எல்லோருக்கும் முன்னால் எழுந்து, சமையலறை ஜன்னல் ஓரம் நின்று, நட்சத்திரப் பழத்தைப் பிழிந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் என் அம்மா அடுப்பைத் தொடுவாள். காய்ச்சலென்று அவள் படுத்து நான் பார்த்ததில்லை.’ அம்மா அந்தச் சாற்றை நாக்கில்கூட வைத்ததில்லை. அத்தனையும் புளுகு.

அடுத்த வருடம் அப்பாவின் சிறுநீரகம் பாதிக்குமேல் பழுதாகிவிட்டது என்று தெரியவந்தது.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சடித்த தாளைத் தவிர, மனிதர்கள் வாயால் சொல்லும் எதையும் முப்பத்துநாலு வருடம் நம்பாதவர். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து நின்றபோதும் “சரி, சாப்பிட்டியா?” என்றவர். அவர் ஒருநாள் காலை எங்கள் கம்பெனி பாட்டிலும் கையுமாக வீட்டில் என் அறை வாசலில் வந்து நின்றார். மருந்துக்கடையில் தாளைப் பிரித்துப் பார்த்தாராம், என் பெயர் இருந்ததாம்.

“நீ எழுதினதா இது?”

“ஆமாம்ப்பா. ஆனா நீங்க அதைக் குடிக்கக்கூடாது. கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது விஷம்.”

பாட்டிலைச் சுற்றிப் பார்த்தார். தாளை முன்னும் பின்னும் திருப்பினார். “எங்க போட்டிருக்கு?”

“போடலைப்பா. முதலாளி எடுத்துட்டார்.”

“போடலைன்னா இல்லைன்னு அர்த்தம்.” டிக்கெட் இல்லாதவனிடம் பேசும் அதே குரல். டாக்டர் கொடுத்த பத்தியப் பட்டியலையும் எடுத்து வந்து விரலை ஓட்டினார். யாரும் தினமும் சாப்பிடுகிற பழமில்லை என்று விட்டிருப்பார்கள், அதிலும் அது இல்லை.

அம்மாவின் சாட்சி பொய் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தாளை உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ‘சமையலறை ஜன்னல் ஓரம்’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“இந்த வீட்டுல விடியறப்ப எல்லாம் நான் எங்கயோ ஓடற வண்டியில இருந்தேன்டா. காலையில உங்கம்மா என்ன செய்வா, எங்க நிப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு தடவை அவ இந்தப் பழம் பிழியறதைப் பார்த்தேன். எதுக்குன்னு கேக்கலை. இப்பதான் தெரியுது.” என்னைப் பார்த்தார். “நல்லா எழுதியிருக்கே.”

நான் வாயை மூடிக்கொண்டேன். என்மேல் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆத்திரம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

அதற்குப் பிறகு நான் ஆடாத ஆட்டமில்லை. பாட்டிலை ஒளித்தேன், புதிது வாங்கி வந்தார். சாற்றைக் கொட்டி எலுமிச்சைத் தண்ணீர் நிரப்பினேன், ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டுக் கடைக்காரனோடு சண்டைக்குப் போனார். விஷம் என்று எழுதியிருந்த புத்தகத்தையே ஆபீசிலிருந்து தூக்கி வந்து பக்கத்தைக் காட்டினேன். அச்சடித்த எழுத்துதானே, இதையாவது நம்புவார் என்று நினைத்தேன்.

“இதை எழுதினவன் யாரு? எனக்குத் தெரியுமா அவனை?” என்று புத்தகத்தை மூடினார். “அதை எழுதினவ என் பொண்ணு.”

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அச்சைத் தள்ளிவிட்டு ஆளை நம்பினார். அந்த ஆள் நானாக இருந்து தொலைத்தேன்.

அண்ணனிடம் உண்மையைக் கொட்டினேன். “அப்பாகிட்ட நீயே சொல்லு. தினமும் அதைப் படிச்சுட்டுதான் குடிக்கிறார். என்னால முடியாது” என்று நழுவினான். முதலாளியிடம் போய் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். அடுத்த அச்சில் பார்க்கலாம் என்றார். வேலையை விட்டெறிந்தால் அடுத்த அச்சை ஞாபகப்படுத்த அங்கே ஒரு நாதி இருக்காது. வீட்டில் வாயைத் திறக்க முடியவில்லை, ஆபீசை விட்டு வெளியே வர முடியவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் காலை விக்கல் ஆரம்பித்தது. தண்ணீர் கொடுத்தோம், மூச்சைப் பிடிக்கச் சொன்னோம், நிற்கவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது விக்கல் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள்.

“ஒண்ணும்... இல்லை” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். என் வேலைக்கு ஆபத்து வரும் என்று பொய் சொல்கிறார்.

“நட்சத்திரப் பழச் சாறு” என்றேன். “பத்து நாளா, தினமும் ஒரு டம்ளர்.”

டாக்டரின் முகம் மாறியது. உடனே ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட வேண்டும், தாமதித்தால் நினைவு தப்பும், வலிப்பு வரும் என்றாள். சம்மதத் தாளை நீட்டினாள். அப்பா பேனாவை வாங்கவில்லை.

“மெஷின் வேண்டாம். ஜூஸே... கழுவிடும். அவங்கம்மா... வருஷக்கணக்கா குடிச்சா.”

“நீங்களாவது சொல்லுங்க. சுயநினைவு இருக்கறவரை அவர்தான் கையெழுத்துப் போடணும். அது தப்பறவரை காத்திருந்தா எனக்கு நேரம் பத்தாது” என்று டாக்டர் என் பக்கம் திரும்பினாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓட இடமில்லை.

“அம்மா குடிக்கலைப்பா” என்றேன்.

அவர் புருவத்தைச் சுருக்கினார்.

“ஒரு நாள்கூடக் குடிக்கலை. நான் கட்டிவிட்டது. எடம் காலியா இருந்துச்சு, எழுதிட்டேன். ஜன்னல் ஓரம் நின்னதும் பொய்.”

“பொய் சொல்றே. நான்... பார்த்தேன். பிழிஞ்சா.”

“உங்க கோட்டு பட்டனுக்குப்பா. பித்தளை பட்டன் கறுத்துப்போகுமே, அந்தப் பழத்தைப் பிழிஞ்சு தேய்ச்சாதான் பளபளன்னு வரும். நீங்க டூட்டிக்குப் போறதுக்கு முந்தின சாயங்காலம் உக்காந்து தேய்ப்பா. எட்டு பட்டன். நான்தான் துணி பிடிச்சுப்பேன்.”

இரண்டு விக்கல் வந்து போயின. பிறகு கேட்டார்: “அப்ப காலையில... என்னதான் செய்வா?”

“தெரியாதுப்பா. நான் தூங்கிட்டிருப்பேன்.”

பேனாவை வாங்கினார். விக்கலுக்கு நடுவே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். நான் கை நீட்டியிருந்தேன். தாளை என்னைத் தாண்டி டாக்டரிடம் கொடுத்தார்.

மூன்று முறை மெஷினில் போட்டார்கள். விக்கல் நின்றது. அப்பா பிழைத்துவிட்டார். டாக்டர் எழுதிய கடிதத்துக்குப் பயந்து முதலாளி எச்சரிக்கை வரியைச் சேர்த்தார். அம்மாவின் சாட்சியை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார், அதற்காகத்தான் வாங்குகிறார்களாம். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன், அதை எடுக்கச் சொல்லி மாதம் ஒரு முறை சண்டை போட்டுக்கொண்டு.

அப்பா வீடு திரும்பிய அன்று, மாத்திரை டப்பாக்களில் ‘காலை ஒன்று’, ‘இரவு ஒன்று’ என்று கொட்டை எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினேன். மறுநாள் எழுந்து வந்து பார்த்தால் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் அண்ணன் பேனாவோடு உட்கார்ந்திருந்தான்.

“அவ எழுதினது சரியாத்தானேப்பா இருந்துச்சு” என்றான் அண்ணன்.

“இருக்கட்டும்” என்றார் அப்பா. “நீ எழுது.”