டம்ப் என்று ஒரு சொல்

குவார்ட்சைட் என்கிற பாலைவன ஊரில் குளிர்காலம் முழுக்க முகாம் போடுகிற மோட்டார் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தன் வண்டியைத் தானே கழற்றி மாட்டாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. ஆரினுக்கு அது முற்றிய நிலை.

பஸ் நீளத்துக்கு வண்டி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. அடியில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பைகள். பின்பக்க இடது பையில் எங்கோ பொத்தல். இரவில் நேராக நிற்கிற வண்டி விடிவதற்குள் ஒருக்களித்துவிடும். மனைவி வெர்லீன் வாணலியில் உடைத்து ஊற்றுகிற முட்டை அத்தனையும் ஒரே ஓரத்துக்கு ஓடும்.

"மெக்கானிக்கக் கூப்பிடேன்யா."

"எதுக்கு? என் கை என்ன பூவா பறிக்குது?"

"அடியில இரும்பு முட்டு வெச்சியா?"

"வலது பக்கம் வெச்சிருக்கேன். இடது பக்கம் வெச்சா என் கை நுழையாது. மணல்ல அது நிக்கவும் மாட்டேங்குது."

"அப்போ வெறும் காத்த நம்பி உள்ள போறியா? பிடிவாதம் பிடிச்ச கழுத!"

ஆரின் சிரித்தார். எழுபதைத் தாண்டியும் அந்தச் சிரிப்பு மட்டும் திருந்தவில்லை. "காத்து தாங்கும். இப்போ சோப்புத் தண்ணி அடிச்சு எங்க குமிழி வருதுன்னு பாக்கப் போறேன், அவ்வளவுதான். பாத்துட்டு வெளிய வந்து 'டம்ப்'னு கத்துவேன். அப்போ நீ ஸ்விட்ச அழுத்து. காத்து மொத்தமும் போயிடும். அப்புறம் பையக் கழட்டிக்கலாம். அதுவரைக்கும் எதையும் தொடாத."

பை சீறுகிற சத்தம் கேட்க வேண்டுமென்று எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீர் புட்டியோடு முதுகால் ஊர்ந்து அடியில் போனார். வெர்லீன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பின்சக்கரம் தெரியாது. காற்றழுத்த முள் மெல்ல மெல்ல இறங்குவது மட்டும் தெரிந்தது.

சற்றுப் பொறுத்து வெளியே ஏதோ லாரி உறுமியது. யாரோ பேசினார்கள். பிறகு ஆரினின் குரல், உரக்க, தெளிவாக:

"டம்ப்! ஆமாமா, டம்ப் பண்ணு!"

அப்பாடா, மனுஷன் வெளியே வந்துவிட்டார் என்று நிம்மதியாக மூச்சு விட்டு, வெர்லீன் ஸ்விட்சை அழுத்தினாள்.

புஸ்ஸென்று காற்று பீறிட்டது. இருக்கை அவளோடு சேர்ந்து கீழே இறங்கியது. கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல்கூட இல்லை. வயிற்றில் குத்து வாங்கியவன் விடுகிற மூச்சு மாதிரி.

"ஐயோ, ஆள் உள்ள இருக்காரு! தூக்கு, தூக்கு!" என்று பக்கத்து வண்டி ராய்ஸ் தொண்டை கிழியக் கத்தினான்.

கழிவுத் தொட்டியை உறிஞ்சுகிற லாரி வந்திருந்தது. ராய்ஸ்தான் குனிந்து, "உங்களுதும் டம்ப் பண்ணிடச் சொல்லவா?" என்று கேட்டிருக்கிறான். முகாமில் கழிவை இறக்குவதற்கும் அதே சொல்தான். அடியில் கிடந்தபடியே ஆரின் பதில் சொன்னது அவனுக்கு.

வெர்லீன் ஸ்விட்சைத் திருப்பினாள். வண்டி அசையவில்லை. பைகளுக்குக் காற்று சேர்த்துவைக்கிற தொட்டியும் வற்றிப்போயிருந்தது. சாவியைத் திருகினாள். எஞ்சின் இருமியது, நின்றது. கடவுளே, கடவுளே. மறுபடி திருகினாள். பிடித்துக்கொண்டது.

"ஜாக்கி மணல்ல புதையுது! எஞ்சின் காத்த அடைச்சுத்தான் தூக்கணும்! மிதி வெர்லீன், கால எடுக்காத!" என்றான் ராய்ஸ்.

ஆக்சிலரேட்டரை மிதித்தாள். முள் நகர மாட்டேன் என்றது. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும், அவர் கையைப் பிடிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் காலை எடுத்தால் ஏறுகிற காற்றும் நின்றுபோகும். அவரைக் கொன்ற விரலும் தன்னுடையது, காப்பாற்ற வேண்டிய காலும் தன்னுடையது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இமைத்தால் முள் இறங்கிவிடுமோ என்று பயந்து அதையே முறைத்துப் பார்த்தாள்.

"ஆரின், நான் பேசறது கேக்குதா? விரல அசைங்க!" என்று ராய்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

முள் ஏறியது. வண்டி முனகிக்கொண்டு ஒரு விரற்கடை எழுந்தது. இன்னும் ஒரு விரற்கடை. "கட்டையச் சொருகு! கால்ல பிடி! இழு!" லாரிக்காரரும் ராய்ஸும் மாறி மாறிக் கத்தினார்கள். மணலில் எதையோ இழுக்கிற சத்தம். அப்புறம் பேச்சே இல்லை. எஞ்சின் இரைச்சல் மட்டும்.

அவள் முள்ளைவிட்டுக் கண்ணெடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

பின்னால் கதவு திறந்தது. படியில் யாரோ தட்டுத்தடுமாறி ஏறினார்கள். அவள் திரும்பவில்லை.

"போதும் வெர்லீன். எஞ்சின நிறுத்து." குரல் கம்மிப்போயிருந்தது.

"வெளிய வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"முழுசாவா?"

"விலா எலும்பு ரெண்டு போயிருக்கும்னு நெனக்கறேன். மத்தபடி முழுசுதான்."

"நாசமாப் போறவனே! நான் உன்னக் கொன்னுட்டேன்னு நெனச்சேன்டா!" அவள் முள்ளைப் பார்த்தபடியே திட்டினாள். வாயில் வந்ததையெல்லாம் திட்டினாள். அழுகை திட்டலை முந்திக்கொண்டு வந்தது. எஞ்சின் மட்டும் அலறிக்கொண்டே இருந்தது.

"கால எடும்மா."

"எடுக்க மாட்டேன். வண்டி இறங்கிடும்."

"நான் இங்கதான இருக்கேன்? அடியில யாரும் இல்ல."

"வரலடா. கால் வரல."

ஆரின் விலாவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மெதுவாக மண்டியிட்டார். மணலும் கிரீஸுமாக இருந்த கையால் அவள் கணுக்காலைப் பிடித்து, பெடலிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.