ஏரியலுக்கு வைத்த சந்தனம்

…ரேடியோ செட்டில் கோளாறில்லை, முழுச் சக்தி இருபத்தைந்து வாட்டில்தான் நிற்கிறது, மைக்கையும் மாற்றிப் பார்த்தாயிற்று, பிறகு ஏன் தீவைத் தொட்டால் குரல் போய்ச் சேருவதில்லை என்று மனோகரன் படகின் கூரைமேல் குந்தியபடி யோசித்தான், கரையில் மெர்சிங் படகுத்துறை ஜெட்டிக்குப் பக்கத்தில் கணீரென்று போகிறது, பயணிகளை இங்கே இறக்கிவிட்டுக் கூப்பிட்டால் ஏனென்று கேட்க நாதியில்லை, ஆனால் அவர்கள் பேசுவது மட்டும் இவனுக்குக் கேட்கிறதே… அன்றைக்கும் அதுதானே, தீவுக்குப் பக்கத்தில் இன்ஜின் படுத்து மழையில் ஆடிக்கொண்டிருந்தபோது ஜெட்டி ரேடியோவைப் பார்க்கும் மச்சினன் காளிதாஸ் மற்றப் படகுகளோடு சிரித்துப் பேசியது கேட்டது, இவன் தொண்டை கிழியக் கத்தியும் பதிலில்லை, கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறான் பாவி என்றல்லவா வயிறு எரிந்தது, கரைக்கு வந்து நாலு பேர் முன்னால் வாயையும் விட்டான், "நான் செத்தா படகு உனக்குன்னு பாக்குறியா?" "சத்தியமா எனக்குக் கேக்கல மாமா" என்றதோடு சரி, காளிதாஸ் வீட்டுப் பக்கமே வருவதில்லை, அவன் அக்காள், இவன் பெண்டாட்டி புஷ்பவள்ளி சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஏரியலின் அடியில் கேபிள் சேரும் இடத்தைத் தொட்டான், மஞ்சள் நூல், அதற்குக் கீழே காய்ந்த சந்தனம்… ஆயுத பூஜைக்குப் படகைக் கழுவியபோது பழைய கறுப்பு டேப் அசிங்கமாக இருக்கிறதென்று உரித்து, பொட்டு வைத்து, நூல் சுற்றியது யார், இவனேதான், திரும்ப டேப் சுற்ற மறந்ததும் இவனேதான், அலமாக், ஐயோ, திருகித் திறந்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு, கடல் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது, சாமி என்ன செய்யும்… கெட்ட நுனியை வெட்டி எறிந்து, புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினான்.

"ஜெட்டி, கேக்குதா?" என்று கூப்பிட்டதும் காளிதாஸின் குரல் வந்தது, "தெளிவா கேக்குது மாமா, பூஜைக்கப்புறம் தீவுலேர்ந்து உங்க சத்தம் வர்றது இதான் முதல் தடவ." முதல் தடவையா, அப்படியானால் அன்றைக்கு இவன் கத்திய கத்தலில் ஒரு வார்த்தைகூட அவனுக்குப் போகவில்லை, சத்தியமாகத்தான் சொல்லியிருக்கிறான்… பிறகு எப்படி அந்த மழையில் ஒற்றை ஆளாகச் சின்னப் படகை எடுத்துக்கொண்டு வந்து கயிறு வீசினான், யாருமே கூப்பிடாமல், நேரமாகியும் மாமாவைக் காணோமே என்று தானாகவா… கயிற்றைப் பிடித்தபோது இவன் கேட்டது என்ன, இப்பத்தான் வர்றியா என்றுதானே? "மாமா, இருக்கீங்களா?" மைக்கை அழுத்தினான், எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தான், விரலை எடுத்தால்தான் அந்தப் பக்கம் இருப்பவன் பேச முடியும்.